எஞ்சின் யாருடையது?

2001 ஜனவரி 5-ஆம் தேதி காலை, செய்தித்தாளை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன். முந்தைய நாள்தான் பெங்களூரு வானத்தில் நம் இலகு ரகப் போர் விமானம் முதன்முறையாகப் பறந்திருந்தது. விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் ஓட்டியிருந்தார். தேஜஸ் என்ற பெயர்கூட அப்போது வைக்கப்படவில்லை. பெரியப்பா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்துப் படத்தை முகத்தருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். இறக்கை சேரும் இடத்தைப் பார்த்தார். வாலைப் பார்த்தார். பிறகு தாளை நான்காக மடித்து என்னிடமே நீட்டினார்.

"நன்றாகத்தான் இருக்கிறது. எஞ்சின் யாருடையது?"

அமெரிக்காவுடையது என்றேன். ஜெனரல் எலக்ட்ரிக். "ம்" என்று சொல்லிவிட்டுக் காபியில் மிச்சமிருந்ததைக் குடித்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. நாற்பது வருடம் பெங்களூரு விமானத் தொழிற்சாலைச் சோற்றைத் தின்ற மனிதர், அன்று ஒருநாளாவது வாய்நிறையப் பாராட்டியிருக்கக் கூடாதா? அந்தக் கேள்வியில் எச்.ஏ.எல். (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) என்ற அந்த நிறுவனத்தின் முக்கால்வாசிச் சரித்திரம் அடங்கியிருக்கிறது என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

பெரியப்பா பிறந்தது 1940. தொழிற்சாலையும் அதே வருடம்தான். குடியாத்தத்திலிருந்து பதினெட்டு வயதில் பெங்களூருக்கு ரயிலேறி, பயிற்சியாளராகச் சேர்ந்து, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடிக்கக் கற்று, முருகேஷ்பாளையத்தில் வீடு பிடித்து, சங்கு ஊதுவதற்குக் கால்மணி நேரம் முன்பு சைக்கிளில் கிளம்பி, ஓய்வுபெறும் வரை அப்படியே இருந்தவர். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்துத் தகட்டின் ரிவெட் வரிசையைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே வருவார். கண் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும், விரல் மட்டும் வேலை செய்யும். ஏதோ ஒரு ரிவெட்டில் விரல் நின்றுவிடும். "சாய்த்து அடித்திருக்கிறான்" என்பார். யாரிடமும் புகாராக அல்ல, மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வதுபோல.

தொழிற்சாலையின் பிறப்புக் கதையில் ஒரு கப்பல் வியாபாரி, ஓர் அமெரிக்க விமானத் தரகர், ஒரு திவான் என மூன்று பேர் வருகிறார்கள். வால்சந்த் ஹிராசந்த் 1919-இலேயே சிந்தியா கப்பல் கம்பெனியைத் தொடங்கி, ஆங்கிலேயக் கப்பல் முதலாளிகளோடு மல்லுக்கட்டியவர். கப்பல் கட்ட வேண்டும், கார் செய்ய வேண்டும், விமானமும் செய்ய வேண்டும் என்று ஒரே மூச்சில் ஆசைப்பட்டவர். அமெரிக்காவிலிருந்து பசிபிக் கடலைத் தாண்டி வந்த பறக்கும் படகு என்னும், தண்ணீரில் இறங்கும் விமானத்தில் அவருக்கு வில்லியம் பாலி என்ற அமெரிக்கர் அறிமுகமானார். பாலி ஏற்கெனவே சீனாவில், பர்மா எல்லையோரம் லோய்விங் என்ற இடத்தில் விமானத் தொழிற்சாலை நடத்திக்கொண்டிருந்தவர். இந்தியாவில் ஒன்று ஏன் கூடாது என்று பேச்சு வந்தது. சாதாரண நாளாக இருந்தால் அந்தப் பேச்சு அந்தப் பயணத்தோடு முடிந்திருக்கும். ஐரோப்பாவில் போர் மூண்டிருந்ததால், இந்தியனாவது விமானம் செய்வதாவது என்றிருந்த ஆங்கிலேய அரசு சற்று இறங்கி வந்தது.

இடம் கொடுத்தது மைசூர் சமஸ்தானம். திவான் சர் மிர்சா இஸ்மாயில் நிலம், மின்சாரம், முதலீட்டில் பங்கு எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். பெங்களூரு கடற்கரையிலிருந்து தள்ளி இருந்தது, எதிரிக் கப்பல்களுக்கு எட்டாது. சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருந்தது. இந்திய அறிவியல் கழகம் பக்கத்திலேயே இருந்தது. 1940 டிசம்பர் 23-ஆம் தேதி ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் என்ற பெயரில் கம்பெனி பதிவாயிற்று.

அங்கே முதலில் கூட்டப்பட்ட விமானம் ஹார்லோ என்ற பயிற்சி விமானம். அதன் மூதாதை கலிஃபோர்னியாவில் பாசடீனா ஜூனியர் கல்லூரியில் மாக்ஸ் ஹார்லோ என்ற ஆசிரியர் தன் மாணவர்களை வைத்துச் செய்த வகுப்பறைப் பயிற்சி வேலை. எனக்கு இது மிகப் பிடித்த தகவல். இந்தியாவின் விமானத் தொழில் வகுப்பறை மேசையில் தொடங்கிய ஒரு விமானத்தோடு பிறந்திருக்கிறது. பாகங்கள் பெட்டிகளில் வந்தன, இங்கே பூட்டினார்கள், 1941-இலேயே பறந்தது. அப்போதும் எஞ்சின் வெளியூர்ச் சரக்குதான். எல்லாமே வெளியூர்ச் சரக்கு என்பதால் யாரும் எஞ்சினைத் தனியாகக் கேட்கவில்லை.

வால்சந்தின் கனவு அதிக நாள் அவர் கையில் இல்லை. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டன. அந்த வருடமே இந்திய அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. அடுத்த வருடம் அமெரிக்க விமானப்படை வந்து உட்கார்ந்தது. புது விமானம் செய்வதை ஓரம்கட்டிவிட்டு, கிழக்குப் போர்முனையில் அடிபட்ட விமானங்களை ஓவர்ஹால் செய்யும் பட்டறையாக அதை மாற்றினார்கள். டக்கோட்டா என்னும் சரக்கு விமானங்கள் வந்தன. கட்டலினா என்னும் பறக்கும் படகுகளும் வந்தன. தண்ணீரில் இறங்குகிற அந்த விமானங்களுக்கு ஓடுபாதை பெல்லந்தூர் ஏரி. ஏரியில் இறங்கி, கரையேறி, தொழிற்சாலைக்கு இழுத்து வரப்படும். நுரை பொங்குவதற்கும் தீப்பற்றுவதற்கும் பேர்போன இன்றைய பெல்லந்தூரைப் பார்க்கிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

ஆயிரக்கணக்கான உள்ளூர் ஆட்கள் விமானத்தைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டது அந்த வருடங்களில்தான். அவர்கள் அதிகம் பிரித்து மாட்டிய எஞ்சின் ஒன்று உண்டு. பிராட் அண்ட் விட்னியின் ஆர்-1830. ஒரு வட்டத்துக்கு ஏழாக இரண்டு வட்டங்களில் பதினான்கு சிலிண்டர்கள், காற்றினால் குளிரும் வகை. டக்கோட்டாவுக்கும் அதுதான், கட்டலினாவுக்கும் அதுதான். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து வருடம் கழித்துத் திரும்ப வருகிறது.

போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் கிளம்பினார்கள். தொழிற்சாலை கைபிசைந்து நின்றது. விமான வேலை இல்லை, ஆட்கள் இருக்கிறார்கள், தகடு வளைக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. என்ன செய்வது? ரயில் பெட்டி செய்தார்கள். பஸ்ஸுக்குக் கூண்டு கட்டினார்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-இல் தொடங்குவதற்கு முன்பே, முழுக்க உலோகத்தாலான ரயில் பெட்டிகள் பெங்களூரில் விமானக் கைகளால் செய்யப்பட்டன. அந்தப் பிரிவுதான் 1964-இல் தனியாகப் பிரிந்து பாரத் எர்த் மூவர்ஸ் (பி.இ.எம்.எல்.) ஆயிற்று. பெருமைக்குரிய விஷயமாக இதை யாரும் எழுதுவதில்லை. வயிற்றுப்பாட்டுக்குச் செய்த வேலை என்பதால் இருக்கலாம். எனக்கோ இதில்தான் அந்த நிறுவனத்தின் குணம் தெரிகிறது.

அடுத்து நடந்ததை நான் பெரியப்பா வாயால் கேட்டதுதான் முதல். அவரும் பார்த்ததில்லை, மூத்த ஃபிட்டர்கள் சொல்லக் கேட்டவர்.

பிரிட்டிஷ் விமானப்படையிடம் லிபரேட்டர் என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் இருந்தன. நான்கு எஞ்சின், நூற்றுப்பத்து அடி இறக்கை. கடன்-குத்தகை ஏற்பாட்டில் அமெரிக்கா கொடுத்தவை. போர் முடிந்தால் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் இனி யாருக்கும் பயன்படாதபடி அழித்துவிட வேண்டும். கான்பூர் சக்கேரி விமானதளத்தில் அவற்றை வரிசையாக நிறுத்தி, அழிக்கிற வேலையை மனசாரச் செய்தார்கள். உடற்பகுதியை இடித்து நசுக்கினார்கள். கருவிகளை உடைத்தார்கள். எஞ்சினுக்குள் மணலைக் கொட்டினார்கள். பிறகு கப்பலேறிப் போய்விட்டார்கள்.

1948-இல் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லாமல் நின்ற இந்திய விமானப்படைக்கு அந்தக் குப்பைமேடு நினைவுக்கு வந்தது. எச்.ஏ.எல். ஆட்கள் கான்பூருக்குப் போனார்கள். ஒன்றில் நன்றாயிருந்த சக்கரத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினார்கள். அதன் வாலை இதற்கு, இதன் எஞ்சினை அதற்கு. ஓட்டையான இடத்தில் தகட்டை வைத்து ரிவெட் அடித்தார்கள். பெங்களூரு வரை ஒரே ஒரு முறை பறந்தால் போதும், மீதியை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் கணக்கு.

அவற்றை ஓட்டிவந்தவர் எச்.ஏ.எல். விமானி ஜம்ஷெட் முன்ஷி. லிபரேட்டரை அதற்குமுன் ஓட்டியவர் அல்லர். சுமார் 1,500 கிலோமீட்டர். ஒட்டுப்போட்ட விமானம். ஒன்றல்ல, இரண்டல்ல, சுமார் நாற்பது விமானங்களை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இங்கே அவற்றை முழுமையாகப் பிரித்துச் சீர்செய்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் விமானப்படையில் ஒரு லிபரேட்டர் படைப்பிரிவு எழுந்தது. 1968 வரை அவை பறந்தன. உலகில் மற்ற எங்கும் லிபரேட்டர்கள் பழைய இரும்பாகிப்போன பிறகும் இங்கே பறந்துகொண்டிருந்தன. அதனால்தான் லண்டனில் பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகம் தனக்கொரு லிபரேட்டர் வேண்டும் என்று தேடியபோது, இந்தியா கொடுத்தது. அவர்கள் தூக்கியெறிந்த வகையைச் சேர்ந்த விமானம், நம்மிடமிருந்து போய் அங்கே கண்காட்சியில் நிற்கிறது.

லிபரேட்டரில் நான்கு எஞ்சின்கள் என்றேனே, அவை எவை தெரியுமா? அதே பிராட் அண்ட் விட்னி ஆர்-1830-இன் ஒரு வகைதான். போர்க்காலத்தில் டக்கோட்டாவிலும் கட்டலினாவிலும் கழற்றிக் கழற்றி மாட்டிய எஞ்சின். மணல் போட்டாலும் எங்கே போயிருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். விமானம் புதிது, எஞ்சின் பழகியது. அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் இந்தப் பழக்கம் இருந்தது என்பது என் ஊகம். எச்.ஏ.எல்-ஐக் கேலி செய்கிறவர்கள் திருப்புளி பிடிக்கிற கம்பெனி என்பார்கள். கான்பூரில் பிடித்ததும் திருப்புளிதான்.

சொந்தமாக வரையும் ஆசையும் தொடக்கத்திலிருந்தே இருந்தது. விஷ்ணு மாதவ் காட்கே ஜெர்மனியின் கோட்டிங்கனில் பிராண்டலிடம் படித்துவிட்டு வந்தவர். பறப்பியலைக் கணக்காக்கிய பிராண்டலேதான். இந்திய அறிவியல் கழகத்தில் விமானவியல் துறைக்கு அடிபோட்டவர் காட்கே. எச்.ஏ.எல்-இல் வடிவமைப்புப் பிரிவை வளர்த்து, எச்.டி.-2 என்ற இரட்டை இருக்கைப் பயிற்சி விமானத்தைச் செய்தார். 1951 ஆகஸ்டில் அது பறந்தது. ஓட்டியவர் யார்? லிபரேட்டர் முன்ஷிதான். 170-க்கும் மேல் செய்தார்கள். கானா நாட்டு விமானப்படைகூட வாங்கியது. தலைமுறை தலைமுறையாக நம் விமானிகள் அதில்தான் கை பழகினார்கள். எஞ்சின்? சிர்ரஸ் மேஜர். பிரிட்டிஷ்.

பெரியப்பா சேர்ந்த காலத்தில் கர்ட் டாங்க் வந்துவிட்டார். போரில் ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் 190-ஐ வடிவமைத்தவர். போருக்குப் பிறகு அர்ஜென்டினாவில் கொஞ்ச காலம் இருந்து, அங்கே அரசியல் கவிழ்ந்ததும் 1956-இல் தன் ஜெர்மானியக் குழுவோடு பெங்களூருக்கு வந்தவர். அவரிடம் விமானப்படை கேட்டது, ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் போகும் போர் விமானம். அதுவரை நாம் செய்திருந்தது பயிற்சி விமானம். மாட்டுவண்டி செய்தவனிடம் ரயில் கேட்டதுபோல.

ஆனாலும் செய்தார்கள். முதலில் அதே அளவில் மரத்தால் எஞ்சின் இல்லாத ஒரு விமானம் செய்து, 1959-இல் டக்கோட்டாவின் பின்னால் கட்டி இழுத்துப்போய் மேலே விட்டு, மிதக்கிறதா, வளைகிறதா என்று பார்த்தார்கள். பிறகு உலோகத்தில் வந்தது. எச்.எஃப்.-24, மாருத். வடமொழியில் காற்று என்று பொருள்.

பெரியப்பா ரிவெட் அடித்தது இதில்தான். ஒருவர் மட்டும் செய்கிற வேலை அல்ல அது. வெளியே ஒருவர் ரிவெட் துப்பாக்கியோடு நிற்பார். உள்ளே, ஆள் நுழையவே இடமில்லாத குழலுக்குள், இன்னொருவர் இரும்புக் கட்டியை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார். வெளியே அடிக்க அடிக்க உள்ளே வால் நசுங்கிப் பொத்தான்போல் பரவும். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, சத்தத்தில் பேசவும் முடியாது. உள்ளே இருப்பவர் கட்டியால் தகட்டை ஒரு தட்டுத் தட்டினால் "போதும்", இரண்டு தட்டினால் "இன்னும் கொஞ்சம்". இது அவர்கள் இருவரும் தமக்குள் வைத்துக்கொண்ட பாஷை. கூட்டாளி மாறினால் பாஷையும் மாறும். சில ரிவெட்டுகளைக் குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். சூடாக்கிப் பதப்படுத்திய அந்த அலுமினியக் கலவை சாதாரண வெப்பத்தில் தானாகவே இறுகிவிடும். வெளியே எடுத்தால் சில நிமிடங்களுக்குள் அடித்து முடிக்க வேண்டும். தாமதித்தால் தலையில் வெடிப்பு விழும். "ஐஸ் உருகுவதற்குள் ஓட வேண்டும்" என்பார் பெரியப்பா. நான் சிறுவனாக இருந்தபோது விமானத்துக்குள் ஐஸ் வைத்து அடிப்பார்கள் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

1961 ஜூன் 17-ஆம் தேதி சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் மாருத்தை முதன்முறையாக மேலே கொண்டுபோனார். ஐரோப்பா, அமெரிக்கா, சோவியத் நாடு என்ற வட்டத்துக்கு வெளியே, ஆசியாவில் ஒரு நாடு ஜெட் போர் விமானத்தைத் தன் மண்ணில் வடிவமைத்துச் செய்து பறக்கவிட்டது அன்றைக்குச் சாதாரண விஷயம் அல்ல. பார்த்தவர்கள் எல்லோரும் அழகு என்றார்கள். இன்றும் பார்த்தால் அழகுதான். கூரான மூக்கு, பின்சாய்ந்த இறக்கை, ஒல்லி இடுப்பு.

அந்த இடுப்புக்குள் வைக்கத்தான் எஞ்சின் இல்லை.

டாங்க் அந்த விமானத்தை வரைந்தது பிரிஸ்டல் ஆர்ஃபியஸ்-12 என்ற எஞ்சினை மனத்தில் வைத்து. அது அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. நேட்டோ நாடுகள் வாங்கும் என்ற நம்பிக்கையில் செய்தார்கள், அவர்கள் கைவிட்டார்கள். செலவை ஏற்றுக்கொண்டால் இந்தியாவுக்காக முடித்துத் தருகிறோம் என்று கேட்டபோது டெல்லி மறுத்துவிட்டது. அந்நியச் செலாவணிப் பஞ்சம் இருந்த காலம், காரணம் புரிகிறது. ஆனால் விமானத்துக்காகச் செலவழித்த வருடங்களையெல்லாம் பார்க்கும்போது, வீட்டைக் கட்டி முடித்துவிட்டுக் கிணற்றுக்குக் காசில்லை என்று சொன்ன கதையாக எனக்குப் படுகிறது. கடைசியில் கையிலிருந்த ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள் இரண்டை வைத்தார்கள். நாட் என்ற சிறிய போர் விமானத்துக்காக பெங்களூரிலேயே உரிமம் பெற்றுச் செய்துகொண்டிருந்த எஞ்சினின் பங்காளி அது. ஒலியைப்போல் இரண்டு மடங்கு என்று கேட்ட விமானம், ஒலியின் வேகத்தைத் தொடவே மூச்சு வாங்கியது.

எஞ்சின் தேடி அலைந்த கதை தனி. சோவியத் எஞ்சின் ஒன்றைப் பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. எகிப்தில் நாசர் காலத்தில் வில்லி மெஸ்ஸர்ஷ்மிட் ஒரு போர் விமானத்தையும், ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் அதற்கான எஞ்சினையும் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு விமானி நம்மவர், கபில் பார்கவா. நமக்கு எஞ்சின் அவர்களுடையது. இந்த ஏற்பாட்டில் ஒரு மாருத்தை எகிப்துக்கு அனுப்பி, 1967-இல் அந்த எஞ்சினை மாட்டிப் பறக்கவும் விட்டார்கள். போரில் ஹிட்லரின் விமானப்படைக்கு வேலை செய்த டாங்க், மெஸ்ஸர்ஷ்மிட் என்ற இரண்டு ஜெர்மானியர்களின் திட்டங்கள், நேருவும் நாசரும் கைகோத்ததால், நைல் கரையில் சந்தித்துக்கொண்டதைக் கற்பனை செய்து பாருங்கள். எகிப்து பிறகு தன் திட்டத்தையே மூடிவிட்டது.

உள்நாட்டிலேயே ஆர்ஃபியஸுக்கு வேகம் கூட்டும் பின்னெரிப்பான் வைத்துப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட ஒரு மாருத்தில்தான் 1970 ஜனவரி 10-ஆம் தேதி சுரஞ்சன் தாஸ் இறந்தார். பெங்களூரில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. ஊரார் அதை எஸ்.டி. ரோடு என்று சுருக்கினால் பெரியப்பா திருத்துவார். "சுரஞ்சன் தாஸ் ரோடு." அந்த நாளைப் பற்றி இதுவரை அவர் எதுவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

147 மாருத்துகள் செய்தார்கள். 1971 போரில் ராஜஸ்தான் பாலைவனத்தில் தாழப் பறந்து தாக்கும் வேலையை நன்றாகவே செய்தன. தரையிலிருந்து சுடப்பட்டு ஓர் எஞ்சின் போய்விட்ட நிலையிலும் மற்றொன்றை வைத்துத் தளத்துக்குத் திரும்பியவை உண்டு. அதாவது தகடும் சட்டகமும் அடித்தவனை ஏமாற்றவில்லை. 1990-க்குள் எல்லாவற்றையும் ஓய்வில் அனுப்பினார்கள். அடுத்த மாருத் வரவில்லை. அந்தக் குழு கலைந்தது. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய நஷ்டம். எஞ்சின் கிடைக்காதது துரதிருஷ்டம், ஆனால் கற்றுக்கொண்ட கைகளுக்கு உடனே அடுத்த வேலையைக் கொடுக்காதது நாமே செய்துகொண்டது.

காரணம் மிக்-21. 1962-இல் சோவியத்தோடு உரிம ஒப்பந்தம். விமான உடல் நாசிக்கில், எஞ்சின் ஒடிசாவின் கோராபுட்டில், மின்னணுக் கருவிகள் ஹைதராபாத்தில். அதற்காகத் தொடங்கிய அரசு நிறுவனத்தையும் பழைய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட்டையும் இணைத்ததுதான் 1964 அக்டோபர் 1 முதல் இன்று வரை நாம் அறிந்த ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ். நூற்றுக்கணக்கில் மிக்குகள் வந்தன. எப்படிச் செய்வது என்பதைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதை எந்த உரிம ஒப்பந்தமும் சொல்லிக்கொடுப்பதில்லை.

கோராபுட்டில் எஞ்சின் செய்தார்களே, பிறகென்ன என்று கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். ஜெட் எஞ்சினின் வெப்பமான பகுதியில் சுழலும் டர்பைன் இதழ் விரல் நீளம்தான் இருக்கும். இன்றைய எஞ்சின்களில் அதன்மீது பாயும் வாயுவின் வெப்பம், இதழ் செய்யப்பட்ட உலோகம் உருகும் வெப்பத்தைவிட அதிகம். உருகாமல் இருப்பதற்காக இதழை உள்ளே குடைந்து, மேலே மயிரிழைத் துளைகள் போட்டு, குளிர்ந்த காற்றை ஒரு படலமாகப் போர்த்துகிறார்கள். உலோகத்தையே ஒற்றைப் படிகமாக வார்க்கிறார்கள், துகள்களுக்கு நடுவே கோடு இருந்தால் அந்தக் கோட்டில்தான் பிளக்கும் என்பதால். இந்த வார்ப்பின் பக்குவத்தை வைத்திருக்கும் நாடுகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். அவர்கள் விமானத்தை விற்பார்கள், எஞ்சினை விற்பார்கள், அதைப் பூட்டவும் கற்றுக்கொடுப்பார்கள். வார்ப்பின் பக்குவத்தை மட்டும் தரமாட்டார்கள். நம் காவேரி எஞ்சின் திட்டம் 1989-இல் அரசின் வேறோர் ஆய்வுக்கூடத்தில் தொடங்கி, 2008-இல் தேஜஸிலிருந்து பிரித்துவைக்கப்பட்டது.

நடுவில் நல்லவையும் நடந்தன, விட்டுவிட்டால் பாவம். 1964-இல் பறந்த கிரண் ஜெட் பயிற்சி விமானம் தன் காலத்தைத் தாண்டி உழைத்தது, சூரியகிரண் சாகசக் குழு முதலில் வைத்திருந்தது அதைத்தான். 1992-இல் பறந்த துருவ் ஹெலிகாப்டர் சியாச்சின் உயரத்தில் சுமை தூக்குகிறது. அதன் சக்தி எஞ்சின் பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது, பாதிப் பதில் நம்முடையது. அதே துருவ், 2025 ஜனவரியில் போர்பந்தர் விபத்துக்குப் பிறகு மொத்தமாகத் தரையில் நிறுத்தப்பட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தேஜஸின் முதல் படைப்பிரிவு 2018-இல் கோயம்புத்தூர் அருகே சூலூருக்கு வந்தது. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அதன் சத்தம் பழகிவிட்டது.

2021-இல் 83 தேஜஸ் மார்க் 1ஏ விமானங்களுக்கு ஆர்டர் வந்தது. அவற்றுக்காக ஜெனரல் எலக்ட்ரிக்கிடம் 99 எஞ்சின்கள் கேட்டார்கள். முதல் எஞ்சின் ஒப்படைக்கப்பட்டது 2025 மார்ச்சில். அதற்குள் விமான உடல்கள் தயாராகி, இதயத்துக்காகக் காத்து நின்றன. செய்தியைப் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எண்பத்தைந்து வயது, பூதக்கண்ணாடி வைத்தாலும் சிறிய எழுத்து தெரிவதில்லை.

"எத்தனைக்கு எத்தனை?"

"99-இல் ஒன்று, பெரியப்பா."

"ம்" என்றார். அதே "ம்".

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய விமானநிலையச் சாலையிலுள்ள எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். விமானநிலையம் 2008-இல் தேவனஹள்ளிக்குப் போய்விட்டது, சாலைக்குப் பெயர் மட்டும் மிச்சம். உள்ளே எஞ்சின் கூடத்தில் ஆர்ஃபியஸ் இருக்கிறது. அதன் முன்னால் கைத்தடியை ஊன்றி நின்று, பழைய சம்பந்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தார், பேசவில்லை. வெளியே வந்தோம். அங்கே லட்சியா என்ற ஆளில்லா விமானம் இருந்தது, முப்படைகளும் சுட்டுப் பழகுவதற்காகப் பறக்கவிடும் இலக்கு. அவர் வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன்.

"எஞ்சின் நம்முடையது. எச்.ஏ.எல். வடிவமைத்து எச்.ஏ.எல். செய்தது. பி.டி.ஏ.இ.-7."

பெரியப்பா அந்தக் குட்டி விமானத்தைத் தலை முதல் வால் வரை பார்த்தார். "நல்லது" என்றார். "அதைத்தான் நாமே சுடுகிறோமா?" சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருமலாகும் வரை சிரித்தார்.

மாருத் வெயிலில் நின்றது. விமானங்களைத் தொடக் கூடாது என்று எழுதிப்போட்டிருந்தார்கள். காவலாளி அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். பெரியப்பா கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, வயிற்றுப் பக்கத்துத் தகட்டில் கட்டை விரலை வைத்து, வரிசை தவறாமல் மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். நான் பின்னாலேயே நடந்தேன். இறக்கை சேரும் இடம் வரை போய்விட்டோம். விரல் எங்கும் நிற்கவில்லை.